மேடை தருகிறீர்கள், ஊதியமும் தாருங்கள்

ரவாங், செரண்டா, பத்தாங் காலி, பத்தாங் பெர்ஜுந்தை, கோல சிலாங்கூர் வட்டாரத்து ஆலயப் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், நூலகப் பணியாளர்களுக்கும், தாமான் குடியிருப்போர் சங்கத்தாருக்கும்,



திருவிழாவுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் நீங்கள் கூடிப் பேசும் கூட்டங்களில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு, மாலை, பொன்னாடை, பதாகை என்று செலவுக் கணக்கு வரிசையாக ஏறும். எல்லாம் எழுதி முடித்த பிறகு யாராவது ஒருவர், "நிகழ்ச்சிக்கு யாரைக் கூப்பிடுறது?" என்று கேட்பார். அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். "நம்ம ஆளுதானே, ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவாரு" என்று ஒரு பெயர் சொல்லப்படும். அவர் கவிஞராக இருக்கலாம், உறுமிக்காரராக இருக்கலாம், சிறுவர் கதை எழுதும் ஆசிரியையாக இருக்கலாம். அவர் வருவார். உங்கள் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து வருவார். பெட்ரோலும் டோலும் தன் காசில் போட்டு, தலைவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மீதி இருக்கும் பத்து நிமிடத்தில் தன் பங்கைச் செய்துவிட்டு, ஒரு பொன்னாடையோடு வீடு திரும்புவார்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் தரவேண்டிய ஊதியத்தைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். அப்படி எழுத வேண்டுமானால் யார் எங்கே இருக்கிறார், என்ன செய்வார், எவ்வளவு கேட்பார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக நம் வட்டாரத்துக்கென்று எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பெயரேடு வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். பெயரேடு இருந்து ஊதியம் இல்லாவிட்டால், இலவசமாகக் கூப்பிடுவதற்கு ஆள் தேடும் வேலை சுலபமாகும், அவ்வளவுதான்.

நம் பக்கம் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தோட்டத்தை விட்டு வந்து புக்கிட் செந்தோசாவில் குடியேறிய ஒரு பாட்டிக்கு நல்லதங்காள் கதை முழுவதும் பாட்டாகவே வரும். செரண்டா பக்கம் பகலில் லாரி ஓட்டும் ஒரு தம்பி, இரவில் பிள்ளைகளைச் சேர்த்து உறுமி பழக்குகிறார். மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் பழைய காலுறைகளில் கண்ணும் மூக்கும் தைத்துக் கைப்பொம்மை செய்து கதை சொல்வார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ரவாங் ஈயச் சுரங்க வரலாற்றை நாள் முழுக்கச் சொல்வார். 1894இல் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் இந்த ஊர்ச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள், மலாயாவில் அதுதான் முதன்முறை என்பதை அவர் வாயால் கேட்கும்போது நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே தம்புசாமி பிள்ளைதான் பத்துமலைக் கோயிலைத் தொடங்கியவர் என்று அடுத்த வரியில் அவர் சொல்லும்போது, தைப்பூசத்துக்குத் தவறாமல் போகிற பிள்ளைகளுக்குக் கண் விரியும். இவர்களில் யாருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வட்டாரத்துக்கு வெளியேயும் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதிய நாடு இது. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி கெடாவில் தோட்டத்து மண்ணிலிருந்து எழுதியவர். சுங்கைப்பட்டாணியின் கே. பாலமுருகன் பெரியவர்களுக்கும் எழுதுகிறார், பிள்ளைகளுக்கு மர்ம நாவலும் எழுதுகிறார். கிள்ளானில் முரசு நெடுமாறன் மலேசியத் தமிழ்க் கவிதைகளை ஒரு பெருங்களஞ்சியமாகத் தொகுத்து 1997இல் வெளியிட்டார். ம. நவீனும் அவருடைய வல்லினம் இதழ் நண்பர்களும் இளைஞர்களை வைத்து நடத்தும் முகாம்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடசிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் உயிரோடு இருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பாடநூலில் படம் போட்டிருப்பவர்கள் எல்லாம் காலமானவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்தினேன்.

நேரில் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தாமான் மண்டபத்தில் பிள்ளைகளுக்கான வாசிப்பு வட்டத்துக்கு அந்த உறுமித் தம்பியை அழைத்திருந்தோம். காவடிக்கு முன்னால் ஆடிக்கொண்டே வாசிப்பவர்களை நம் பிள்ளைகள் எட்ட நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். அன்று அவர் உறுமியைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இடுப்புச் சிறுத்த அந்த வாத்தியத்தின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் தட்டிக் காட்டினார். மறுமுகத்தில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்த்தார். உறுமல் எழுந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து வந்து குச்சியைக் கேட்டாள். அழுத்தம் குறைந்தால் சத்தம் வராது, கூடினால் குச்சி வழுக்கிவிடும் என்று அவள் கையைப் பிடித்தே காட்டினார். இரண்டு மூன்று தடவை வெறும் கிறீச்சுச் சத்தம். அப்புறம் சின்னதாக ஓர் உறுமல் வந்தது. மண்டபமே கைதட்டியது. அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. இது எந்தத் தோல், மழையில் நனைந்தால் என்ன ஆகும், அண்ணன் யாரிடம் படித்தீர்கள், பொம்பளப் பிள்ளைகள் வாசிக்கலாமா? கடைசிக் கேள்விக்கு அவர், "எங்க குழுவுல என் தங்கச்சிதான் தாளம்" என்றார். அதைக் கேட்ட இரண்டு பெண்பிள்ளைகள் இப்போது அவரிடம் பழகுகிறார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக அவர் அன்று லாரி எடுக்கவில்லை. சனிக்கிழமைச் சம்பளம் போயிற்று. நாங்கள் கொடுத்த தொகை அதை ஈடுகட்டியது, குச்சிக்கும் தோலுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. அதை மேடையில் கொடுக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது உறைக்குள் வைத்துத் திணிக்கவும் இல்லை. ஒரு வாரம் முன்பே தொகையைச் சொல்லி, நிகழ்ச்சி நாளன்றே வங்கிக் கணக்கில் போட்டோம்.

பணப்பேச்சு நமக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தமிழுக்காகச் செய்கிறார், சாமிக்காகச் செய்கிறார், இதில் கூலி பேசலாமா என்று நினைக்கிறோம். ஆனால் பந்தல்காரரிடம் பேசுகிறோம், ஒலிபெருக்கிக்காரரிடம் பேசுகிறோம், சாப்பாடு போடுகிறவரிடம் தட்டுக்கு எவ்வளவு என்று பேசுகிறோம். அவர்களும் தமிழர்கள்தான், சாமி கும்பிடுகிறவர்கள்தான். கவிஞரிடம் மட்டும் ஏன் கூச்சம் வருகிறது?

தோட்டக் காலத்தில் இந்தக் கூச்சம் இருந்ததில்லை. என் அப்பா பால் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தில் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே நாடக வாத்தியார் வந்துவிடுவார். வேறு தோட்டத்திலிருந்தோ பட்டணத்திலிருந்தோ வருவார். லயத்தில் ஒரு வீட்டில் தங்குவார், ஆளுக்கொரு நாள் சாப்பாடு போடுவார்கள். பால் வெட்டிவிட்டு வந்த இளைஞர்களுக்கு இரவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அரிச்சந்திரன் நாடகமோ அல்லி அர்ச்சுனா நாடகமோ சொல்லிக்கொடுப்பார். சம்பள நாளில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து வாத்தியாருக்குப் பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்து, வேட்டி சட்டை வைத்து அனுப்புவார்கள். அப்பாவுக்கு அந்தக் கணக்கு சாகும்வரை ஞாபகம் இருந்தது. பால் வெட்டிய கூலியில் குடும்பம் நடத்தியவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். இன்று காரும் வீடும் வைத்திருக்கும் நாம் கொடுக்க யோசிக்கிறோம்.

தோட்டங்கள் அந்தக் காலத்தில் எழுத்தையும் இப்படித்தான் வளர்த்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க லயமே சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1950இல் அதே நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். மலாயா முழுதும் இருந்த இளைஞர்களுக்குச் சிறுகதை எழுத அதன் வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் பேர் வாங்கிய பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. அங்கிருந்து கிளைத்த இளைஞர் மணிமன்றங்கள் தோட்டந்தோறும் வாசக அறையும் நாடகக் குழுவும் பேச்சுப் பயிற்சியும் வைத்திருந்தன. நேசன் 2019இல் நின்றுபோனது. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று பலருக்குப் பெற்றோரின் பேச்சில் மட்டும் வரும் பெயர்கள். மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போனார்கள். வாத்தியார்களையும் பாட்டுக்காரர்களையும் கூப்பிட ஆள் இல்லாமல் போனது அப்போதுதான். கலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அமைப்பு கலைந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பவர்கள் நீங்கள்தான்.

ஆலயப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. நம் தோட்டங்களில் மலையாளிகளும் இருந்தார்கள், அவர்கள் ஊர்க்கதை ஒன்றைச் சொல்கிறேன். கேரளத்தில் கொல்லம் பக்கத்தவரான வி. சாம்பசிவன் கதாப்பிரசங்கக் கலைஞர். அவர் டால்ஸ்டாயின் நாடகம் ஒன்றை 'அனீஸ்யா' என்ற பெயரில் கதையாகச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைச் சொன்னார். எங்கே சொன்னார் என்பதுதான் முக்கியம்: கோயில் திருவிழாக்களில். நள்ளிரவு தாண்டியும் ஆயிரக்கணக்கானவர்கள் கோயில் மைதானத்தில் உட்கார்ந்து ரஷ்யக் கதையைக் கேட்டார்கள். திருவிழாக் குழுக்கள் அவருக்குப் பணம் கொடுத்து அழைத்தன. அதே கேரளத்தில் 1945இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துக் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். ஊர் நூலகம் என்றால் அங்கே நாடகமும் பாட்டும் விவாதமும் சேர்ந்தே இருக்கும். நம் தமிழிலும் சுப்பு ஆறுமுகம் காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடிப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். ஆடி மாதத்தில் பத்து நாள் திருவிழா நடத்தும் கோயில், ஓர் இரவை இன்னிசைக் குழுவிடமிருந்து எடுத்துக் கதைக்குக் கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நல்லதங்காள் பாட்டியை அந்த இரவில் உட்கார வையுங்கள். ஒலிபெருக்கி நன்றாக இருக்கட்டும், நாற்காலியில் ஒரு தலையணை இருக்கட்டும்.

வெளிநாடுகளில் இதை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் எழுத்தாளர்கள், கதைசொல்லிகள், ஓவியர்கள் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு சின்ன ஊரின் நூலகமோ, பள்ளியோ, முதியோர் குழுவோ அந்தத் தொகுப்பிலிருந்து ஒருவரை அழைத்தால், ஊதியத்தில் ஒரு பங்கை நிதியுதவியாகப் பெறலாம். ஊதியம் எவ்வளவு என்பது முன்பே முடிவானது, பேரம் கிடையாது. சிங்கப்பூரில் தேசியக் கலை மன்றம் பள்ளிகளுக்காகக் கலைநிகழ்ச்சிகளின் பட்டியல் வைத்திருக்கிறது. பள்ளி அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் மானியம் உண்டு. அங்கே பணம் இருக்கிறது, அரசு செய்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நமக்கு மானியம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன். பட்டியலும் முன்பே முடிவான ஊதியமும் இருந்தால், மானியம் தருகிறவரிடம் போய்க் கேட்பதற்கு நம் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

இப்போது ஊதியக் கணக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் வரும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பின்னால் ஒத்திகை உண்டு, கதையைத் தேர்ந்து பிள்ளைகளின் வயதுக்கு ஏற்றபடி சுருக்கும் வேலை உண்டு, போக வரப் பாதி நாள் உண்டு. ஆகவே தனி ஒருவர் நடத்தும் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 300 ரிங்கிட்டில் தொடங்கலாம். குழுவாக வந்தால் ஆளுக்கு 150. பயணச் செலவு தனி. ரவாங்கிலிருந்து லத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக்குக்கு வருகிறவருக்கு டோல் இருக்கிறது. சபாக் பெர்னாமிலிருந்து வருகிறவருக்கு அரை நாள் சாலையிலேயே போய்விடும். இது என் கணக்கு. கூட்டியும் குறைத்தும் நீங்கள் முடிவு செய்யலாம். சின்னப் பள்ளியால் பயணச் செலவையும் சேர்த்துக் கொடுக்க முடியாது என்றால், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒரே நாளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். பயணம் ஒன்றுதான், அந்தச் செலவு ஆளுக்குப் பாதி.

எழுத்தாளரை அழைத்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அவருடைய நூலில் இருபது பிரதி வாங்குங்கள். நம் நாட்டில் தமிழ் நூல் வெளியீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தலைநகரில் சோமா அரங்கத்திலோ வேறொரு மண்டபத்திலோ விழா நடக்கும். பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெரிய தொகைக்கு வாங்குவார். அடுத்தடுத்து வரிசையில் நின்று மற்றவர்கள் உறை கொடுத்து வாங்குவார்கள். அந்த அன்பு பெரியது, அச்சுச் செலவு அதில்தான் வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று விற்றது போக மீதி அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு வந்துவிடும். என் தோழி ஒருத்தியின் வீட்டில் அந்தப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கறையான் வராமல் இருக்க வருடத்துக்கு ஒரு முறை வெளியே இழுத்து வெயிலில் வைக்கிறாள். அவள் எழுதியது பிள்ளைகளுக்கான கதைகள். அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

பள்ளிகள் அவளைக் கூப்பிட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பள்ளி கூப்பிட்டது. காலை எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள், பதினொன்றரைக்குத்தான் மேடை கிடைத்தது, பதினைந்து நிமிடம் பேசினாள். பிள்ளைகள் வெயிலில் நின்று களைத்துப்போயிருந்தார்கள். அவள் கொண்டுபோன நூல்களை வைக்க ஒரு மேசைகூட இல்லை. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எழுத்தாளர் ஒருவரைக் கூப்பிட்டால் என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதனால் பெயரேட்டில் இதையும் எழுத வேண்டும்: எத்தனை பிள்ளைகள் வரை நடத்த முடியும், எந்த வயதினருக்கு, எவ்வளவு நேரம், மைக் வேண்டுமா, தரையில் உட்கார இடம் வேண்டுமா, படம் காட்டத் திரை வேண்டுமா. இருநூறு பிள்ளைகளை ஒரே கூட்டமாக உட்காரவைத்துக் கதை சொல்ல எல்லாராலும் முடியாது. முப்பது பேர் என்றால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லலாம்.

பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வந்தவரோடு ஓர் ஆசிரியரோ பெற்றோரோ எப்போதும் உடன் இருக்க வேண்டும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம்.

பேசிய தேதி, நேரம், இடம், தொகை, யார் வரவேற்பார் என்பதை வாட்சாப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். நிகழ்ச்சி ரத்தானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். சண்டைகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன.

கலைஞர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த மடலை அவர்களும் படிப்பார்கள் என்பதால். சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. தொடக்கத்தில் டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த, சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ தரும் அந்தப் பாதுகாப்பு 2020 முதல் கலைத்துறையினருக்கும் விரிந்தது. மேடையில் விழுந்தாலும், நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் அதில் பதிந்திருப்பவருக்குத்தான் வழி உண்டு. பெயரேடு தயாரிக்கும்போது பதிவு செய்யாதவர்களைப் பதிய வைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யலாம். கிள்ளானிலோ ரவாங்கிலோ பெர்கேசோ அலுவலகத்துக்கு ஒரு காலைப்பொழுது எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனால் முடியும்.

நூலகப் பணியாளர்களிடம் நான் சொல்ல வேண்டியது அதிகம். நம் பக்கத்துப் பொது நூலகங்களிலும் கம்போங் நூலகங்களிலும் பெரும்பாலும் வேலை செய்பவர்கள் மலாய்க்கார நண்பர்கள். அன்பானவர்கள். தமிழ் நிகழ்ச்சி நடத்தலாமா என்று கேட்டால், நடத்தலாம், யாரைக் கூப்பிடுவது என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் பார்க்கும் அதிகாரபூர்வப் பட்டியல்களில் நம் எழுத்தாளர்கள் பெயர் இருக்காது. 1981 முதல் வழங்கப்படும் சாஸ்த்ரவான் நெகாரா என்ற தேசிய இலக்கிய விருதே மலாயில் எழுதுகிறவர்களுக்கு உரியது. ஆகவே பெயரேட்டைத் தமிழிலும் மலாயிலும் எழுதுவோம். பெயருக்கு எதிரே அந்த நிகழ்ச்சி என்ன, யாருக்கு என்று மலாயில் இரண்டு வரி இருக்கட்டும். "கதைசொல்லி, 7 முதல் 10 வயது, தமிழும் மலாயும் கலந்து சொல்வார்" என்று இருந்தால் அந்த நூலக அதிகாரியே தொலைபேசியை எடுப்பார். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். உறுமியை மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளத்தோடு சேர்த்து வாசிக்கச் சொன்னால் என்ன வரும் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

நூலகத்தில் இடம் சின்னது என்று தயங்க வேண்டாம். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்; அந்த வண்டியே நூலகம். நிகழ்ச்சிக்கு வேண்டியது பத்துப் பாய், ஒரு மின்விசிறி, வெளிச்சம்.

சின்ன அறையில் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு மாலையைச் சொல்ல வேண்டும். சயாம் ரயில் பாதையைப் பற்றி ஓர் எழுத்தாளரைப் பேச அழைத்திருந்தோம். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை, தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள், காலரா, மலேரியா என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து போனார்களாம், அப்பா மட்டும் திரும்பி வந்தாராம். தீபாவளிக்கு அப்பா சட்டை மாற்றும்போது முதுகைப் பார்த்துக் கேட்டதையும், அவர் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டதையும் சொன்னார். அவருடைய பேரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இது தெரியாது. எழுத்தாளர் தன் பேச்சை அங்கேயே நிறுத்தி, அந்த அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். மீதி நேரம் அந்த அம்மாதான் பேசினார். ஆயிரம் பேர் கூடிய மேடையில் அவர் எழுந்திருக்க மாட்டார்.

அந்த அம்மாவின் பெயரையும், அவர் சம்மதித்தால், பெயரேட்டில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. புத்தகம் போட்டவர்கள், மேடை ஏறியவர்கள் மட்டும் அதில் இருந்தால் போதாது. பால் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது என்ன நடக்கும், ஆயாக் கொட்டகையில் குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வருடா வருடம் குறைகிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டங்களின் பெயரும் போய், அந்தப் பெயரில் வாழ்ந்தவர்களும் போய்விட்டால், பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக்கொடுப்பது? இவர்களுக்கும் ஊதியம் உண்டு. வயதானவர்கள் என்பதற்காகக் குறைக்க வேண்டாம். வாங்க மறுத்தால் பேரப்பிள்ளையின் கணக்கில் போடுங்கள்.

தாமான் சங்கத்தாரிடம் கேட்பது மண்டபம் மட்டும். எழுத்தும் கலையும் நடக்கும் நாளில் மண்டப வாடகையை விட்டுக்கொடுங்கள். பெரிய கூட்டமாக, வெளி மைதானத்தில் நடத்துவதானால் நகராட்சி மன்றத்திலும் காவல் நிலையத்திலும் அனுமதி கேட்க வேண்டும். அந்த மனுக்களை எழுதப் பழகிய கை உங்களிடம்தான் இருக்கிறது.

பெயரேட்டை எப்படித் தொடங்குவது என்றும் யோசித்திருக்கிறேன். உங்கள் ஒவ்வொரு அமைப்பும் மூன்று பெயர்களைக் கொண்டுவரட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் எப்போதும் அழைக்கும் அதே ஐந்து பேர் பெயர்தான் வரும். சம்மதம் கேட்காமல் யார் பெயரையும், தொலைபேசி எண்ணையும் எழுதக் கூடாது. முதல் பதிப்பு நான்கு பக்கத் தாளாக இருந்தால் போதும். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை திருத்துவோம். யார் எந்த ஊரில் நடத்தினார், பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள் என்று அழைத்தவர்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்தவருக்கு உதவும்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் ரவாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவோம். இடத்துக்கு எங்கள் தாமான் மண்டபம் தயார், காலைப் பசியாறலுக்கு நான் பொறுப்பு. உறுமித் தம்பி, நல்லதங்காள் பாட்டி, கைப்பொம்மை ஆசிரியை, ரயில்வேப் பெரியவர், கட்டிலுக்கு அடியில் நூல் வைத்திருக்கும் என் தோழி ஆகியோரிடம் சம்மதம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்கும் தொகையையும் எழுதி வைத்திருக்கிறேன். கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து எனக்கு இன்னும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆலயத்தாரும் பள்ளிக்காரர்களும் தவறாமல் வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
ரவாங்